குண்டில்லாமல் சுட்ட வருடம்

குண்டு போட்டுச் சுட்டால் 'டப்' என்று அடங்கிவிடும் அந்த ஏர்கன், குண்டில்லாமல் சுட்டால் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதி என் கன்னத்து எலும்புவரை அதிரும்; மைசூர் விஜயநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், என் பதின்மூன்றாம் வயது முழுக்க, மாலையில் நூறு 'டங்' கேட்காமல் அம்மா காபி கலந்ததில்லை. "செவுத்துல மண்டைய முட்டிக்கறாப்பல என்ன சத்தமோ" என்பாள். அவள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். யார் கேட்டோம்?

அப்பா தமிழ் பேசும் எல்லையோரக் கிராமமான கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்து, ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து எங்களைச் சுடும் கிளப்புக்கு ஒருநாள் கூட்டிப் போனார்கள். முதல் நாளே நான் அட்டையின் கறுப்பு வட்டத்தில் நான்கு குண்டு போட்டுவிட்டேன். அவ்வளவுதான், அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிளப் துப்பாக்கிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஞாயிற்றுக்கிழமை காத்துக் கிடந்தால் பத்து நிமிடம் கையில் கிடைக்கும். அதனால் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்து விவசாயி ஒருவர் நெல் வயலில் குருவி விரட்ட வைத்திருந்த ஸ்பிரிங் ஏர்கன்னை வாங்கி, கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். குழலை முறித்து மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். துவரம்பருப்பளவு ஈயக் குண்டை வைத்து நிமிர்த்திச் சுட வேண்டும்.

கிளப்பில் பயிற்சி முறையைக் கன்னடத்தில் அச்சடித்து ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். பஸ் பலகைகளைப் பார்த்தே கன்னட எழுத்துக் கற்றவர் அப்பா. விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, வேர்க்க வேர்க்க அவரே படித்து எனக்குத் தமிழில் சொன்னார்: தினமும் நூறு முறை குண்டில்லாமல் சுட்டுப் பழக வேண்டும், அப்போதுதான் விசையை இழுக்கும்போது கை ஆடாது. கன்னடத்தில் படிக்கிற நான் அதை ஒரே மூச்சில் படித்திருப்பேன். அவருடைய முகத்திலிருந்த பெருமையைப் பார்த்துவிட்டு வாங்கிப் பார்க்க மனம் வரவில்லை. படித்த கையோடு அதை பீரோ கதவின் உட்புறம் நான்கு மூலையிலும் மைதாப் பசை தடவி ஒட்டிவிட்டார். "அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும் கண்ணு" என்றார்.

நகரத்தான் செய்தது. இரண்டு மாதத்தில் பத்துக் குண்டும் வட்டத்துக்குள் விழுந்தன. அதன்பிறகு, கண்ணு பட்டதோ என்று அம்மா மிளகாய் சுற்றிப் போடும் அளவுக்கு, குண்டுகள் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. குறிபார்க்கும் தகட்டைத் திருகி உயர்த்துவேன். மறுவாரம் மறுபடி கீழே. என் கைதான் தாழ்கிறது என்று நினைத்து, நூறை இருநூறாக்கினேன். பைத்தியக்காரி! அப்பா திட்டவில்லை. "உனக்கு மனசு இதுல இல்ல" என்றார் ஒருநாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

மாநிலப் போட்டிக்கான தேர்வு வந்தது. அந்த வயதுப் பிரிவில் எனக்கு அதுவே கடைசி ஆண்டு. தகடு இனி உயராது என்னும் அளவுக்குத் திருகி வைத்துச் சுட்டேன். பாதிக் குண்டுகள் அட்டையின் விளிம்பில், மீதி அதற்கும் கீழே. பட்டியலில் என் பெயர் இல்லை. கிளப்பில் துப்பாக்கி பழுதுபார்க்கும் நஞ்சுண்டண்ணா, பாவம் பார்த்து அதைக் கழற்றினார். உள்ளே தோல் வாஷர் நார்நாராகக் கிழிந்து, ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"குண்டில்லாம சுட்டிங்களா? ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது ஆகாது ஸ்வாமி. குண்டு இருந்தாத்தானே உள்ள காத்து தாங்கும்? அந்தப் பாடம் ஸ்பிரிங் இல்லாத கிளப் துப்பாக்கிக்கு. எத்தனை நாளா சுட்டிங்க?"

ஊரெல்லாம் அந்த நூறைச் சொல்லித் திரிந்த அப்பா, ஸ்பிரிங்கின் இரண்டு துண்டையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.

திரும்பும் வழியில், ஹுன்சூர் ரோடு சிக்னலில் ஸ்கூட்டர் நின்றபோது, "நாந்தான் சரியா படிக்கலையோ?" என்றார்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்கப்பா. அதுல அப்படி ஒண்ணும் போடல" என்றேன், படித்துப் பார்க்காமலே.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருடம் ஓட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும், "காயிதத்துல போட்டிருந்தா நான் விட்டிருப்பனா?" என்பார். நான் அதற்குப் பிறகு துப்பாக்கி தொடவில்லை.

சுட்டுப் பழகிய கொல்லையில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். துப்பாக்கி எப்போதோ பழைய இரும்பு வாங்கும் 'குஜரி'க்காரரிடம் போயிற்று. போன வாரம் பீரோவையும் அவரிடமே போடலாமென்று காலி செய்தபோது, பசை காய்ந்து காகிதம் தானாகக் கையோடு வந்தது. திருப்பினேன். பின்பக்கம், தடித்த எழுத்தில் ஒரே வரி: ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குண்டில்லாமல் சுடக் கூடாது.

கட்டிலில் இருந்த அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல்; காகிதம் சலசலத்தது காதில் விழுந்துவிட்டது.

"அந்தக் காயிதமா கண்ணு? படி, கேக்கறேன்."

முன்பக்கத்தை முழுக்கப் படித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்ப்பா."