காப்பை வெட்டியவள்

எங்கள் தெருவுக்குப் புதிதாக யாராவது குடிவந்தால், "சாமிக் காப்ப அறுத்த பிள்ள இவதான்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், வெட்கப்படுகிறேனா என்று. எனக்கு என்ன வெட்கம்? அறுக்கவில்லை, கத்தரியால் வெட்டினேன் என்று திருத்துவேன். ஒரே வெட்டில் போகவில்லை, மூன்று வெட்டு ஆனது என்றும் சேர்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கொரோனா இரண்டாவது தடவையாக வந்து ஊரை அடைத்துப் போட்டிருந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் நின்றுபோனால் எங்களுக்குத் தூக்கம் வராது. அந்த மாதம் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அப்பா தறிக்காரர். சும்மா உட்காரத் தெரியாமல், வீட்டில் கிடந்த அறுந்த நூல்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவார். வலது கை முடிச்சை இறுக்கும்போதே இடது கை கத்தரியை எடுத்து மிச்ச நூலை நறுக்கிவிடும். அவருக்கு இரண்டு கையும் ஒன்றுதான். ஜன்னலில் இருக்கும் அந்தச் சின்னக் கத்தரியால் நான் காகிதம் வெட்டினால் மட்டும் கோபம் வரும். மற்றபடி அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் பெரிய காரியம்.

மீதி வார்த்தைகளை எல்லாம் அத்தை பேசுவாள். அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். தாயில்லாமல் போன தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்கு அப்பா மறுசொல் சொல்லி நான் கேட்டதில்லை. கொரோனா முதல் தடவை வந்தபோது மாமாவை, அதாவது அத்தையின் வீட்டுக்காரரை, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டாம் நாள் உறையில் சுற்றிக் கொண்டுவந்து, முகத்தைக்கூடக் காட்டாமல் நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எங்கள் ஊரில் புற்று மண் இல்லாத வீடு கிடையாது. கோயிலில் கொடுக்கிற மண். பூச்சி கடித்தால் பூசுவோம், சொறி வந்தால் பூசுவோம், பரீட்சைக்குப் போகும்போது நெற்றியில் இட்டுக்கொள்வோம். நானும்தான். இன்றைக்கும் என் கல்லூரிப் பையில் ஒரு பொட்டலம் இருக்கிறது. மண்ணோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. என் சண்டையெல்லாம் போனில் வந்த ஒரு ஆடியோவோடுதான்.

யாரோ ஒரு சாமியார் கனத்த குரலில் பேசியிருந்தார். கொரோனாவும் அம்மைதானாம். வெளியே போட வேண்டிய முத்தை அம்மன் இந்தத் தடவை உடம்புக்குள்ளே போட்டிருக்கிறாளாம். புற்று மண்ணை மஞ்சள் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கையில் காப்புக் கட்டி ஒன்பது நாள் இருந்தால் தானே இறங்கிவிடுமாம். அதற்குள் ஊசி பட்டால் அம்மன் சீறுவாளாம். கடைசியில், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு என்றும் சொல்லியிருந்தார். அத்தை இருபது பேருக்கு அனுப்பினாள்.

ஆனால் கோயில் பூட்டிக் கிடந்தது. நோய் பரவுவதால் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் தாள் ஒட்டியிருந்தார்கள். கோயில் மண்ணுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. உடனே யாரோ ஒரு புண்ணியவான் மேலநீலிதநல்லூர் பக்கம் காட்டில் கிடந்த ஒரு புற்றை வெட்டிச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து தெருமுக்கில் இறக்கினான். அதில் குடியிருந்த கறையான் என்ன பாவம் செய்ததோ. வாங்குவதற்குத் தெருவே திரண்டு நின்றது, ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு. முகக்கவசம் எல்லோருடைய தாடையிலும் தொங்கியது. அத்தை அப்பாவை அனுப்பினாள். அப்பாவும் போய் ஒரு மணி நேரம் நின்றார்.

"அம்மனே கதவ அடச்சிட்டு உள்ள பத்திரமா இருக்கா. நாம எதுக்கு அத்தை கூட்டத்துல போயி நிக்கோம்?" என்று கேட்டேன்.

"மொதல்ல இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

நாலாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மண் வாங்கப் போன இடத்தில் வந்தது என்று சொன்னால் அடி விழும் என்பதால் நான் சொல்லவில்லை. அத்தை தறி நூலை எட்டு இழையாக முறுக்கி, மஞ்சளில் தோய்த்து, ஒரு மஞ்சள் துண்டையும் சேர்த்து அப்பாவின் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினாள். வாசலில் வேப்பிலை ஏறியது. இனி ஒன்பது நாளைக்கு வீட்டில் தாளிக்கக் கூடாது, மாத்திரை கூடாது, ஊசி கூடவே கூடாது. காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் அத்தை மண் கரைத்த தண்ணீரைக் கொடுத்தாள், அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அப்புறம் இருமினார். காப்புக் கட்டிய நான்காம் நாள் இருமக்கூட முடியாமல் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸ் அக்கா வந்தார். முந்தின இரண்டு தடவையும் அத்தை அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை அத்தை கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே கூப்பிட்டுவிட்டாள். நர்ஸ் அக்கா அப்பாவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்.

"எண்பத்தாறு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கணக்கில் நான் எண்பத்தாறு வாங்கியதே இல்லை. நர்ஸ் அக்காவின் கண்ணைப் பார்த்த பிறகுதான் அது நல்ல மார்க் இல்லை என்று தெரிந்தது.

"தொண்ணூத்தஞ்சுக்குக் கொறையவே கூடாது. இழுக்குத மூச்சு ஒடம்புக்குள்ள போகல. இப்பவே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகணும். நாளைக்குன்னு சொன்னா ஆளு இருக்க மாட்டாவ" என்றார் அம்மாவிடம். அதற்குள் அத்தை ஈரக்கையோடு வந்துவிட்டாள்.

"காப்பு கட்டியிருக்கேன். இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. எல்லை தாண்டப்படாது."

"இது அம்மை இல்லம்மா."

"எது என்னன்னு ஒனக்கு என்னத்தத் தெரியும்? எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான ஏத்திட்டுப் போனிய? மொகத்தக் காட்டுனியளா? சொல்லு, காட்டுனியளா?"

அம்மா, "மதினி, ஒங்க கால்ல விழுதேன்" என்று அழுதாள். அத்தை அசையவில்லை. நர்ஸ் அக்கா கட்டில் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. வாரியளா?" என்று கேட்டார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். "அக்கா சொல்லுததுதான்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம், அத்தை மேல்கூட வந்ததில்லை. செத்தாலும் அக்கா சொன்னபடிதான் சாவாரா?

நர்ஸ் அக்கா, "நான் வண்டிக்குச் சொல்லுதேன். வேண்டாம்னா நீங்களே திருப்பி அனுப்பிக்கிடுங்க" என்று போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அவரைத் தடுக்க அத்தை பின்னாலேயே போனாள். அத்தையைத் தடுக்க அம்மா போனாள். அறையில் நானும் அப்பாவும்தான் இருந்தோம்.

ஜன்னலில் இருந்து கத்தரியை எடுத்தேன். சாமி குற்றம் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளையா நான்? கண் போய்விடும், வாய் கோணிவிடும் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான். இருந்தாலும் வெட்டியே தீர்வது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். போனால், காப்புக் கட்டிய கை அப்பாவின் நெஞ்சுக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அப்போது அப்பா தூக்கத்தில் லேசாகப் புரண்டார். கை வெளியே வந்து, கட்டில் ஓரத்தில், முடிச்சு மேலே தெரியும்படி விழுந்தது. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். தறி நூல் லேசில் அறுபடவில்லை. மூன்றாவது வெட்டில்தான் விட்டது.

காப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். "காப்பு இல்ல! வெட்டிட்டேன்! இனி எங்க வேணும்னாலும் கொண்டுபோலாம்!"

அத்தை விட்ட அறையில் காது கொய்ங் என்றது. "அடி பாவி மட்ட! எந்தம்பிக்கு ஒண்ணுன்னா ஒன் தலையிலதான் விடியும், பாத்துக்க!"

"விடியட்டும்! எந்தலையிலயே விடியட்டும்! நீங்க அப்பாவ அனுப்புங்க!"

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அத்தை இன்னொரு அறைக்குக் கையை ஓங்கியவள், என் கையிலிருந்த மஞ்சள் நூலைப் பார்த்துவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். இனி எதைச் சொல்லி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டி வந்தது. அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாள். அம்மா ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தாள். வீட்டில் அத்தை சோறு போடுவாள், பேச மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளை என்னோடு சேரவிடவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு நாள் காலையில் தனியாகக் கோயில் வாசலுக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன்: "வெட்டுனது நான். அப்பா தூங்கிட்டு இருந்தாவ, அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன செய்யணுமோ என்னைய செய்யி." காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்னை விரட்டிவிட்டார்.

அப்பா பிழைத்து வந்தார். பாதி ஆளாக வந்தார், ஆனாலும் வந்தார். நாலு நாள் மண் தண்ணீர் குடித்திருந்ததால்தான் தப்பித்தான் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். நான் விடவில்லை. அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும், இல்லை, நான் வெட்டியதால்தான் என்று குறுக்கே போய்ச் சொன்னேன். இன்றுவரை இந்தச் சண்டை நடக்கிறது. அப்பா இரண்டு பக்கமும் சேராமல் நூலை நறுக்கிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். மத்தியானம் அப்பா அதே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கைக்கு அடியில் என் போன் மாட்டிக்கொண்டு அடிக்கிறது. இழுக்கிறேன், தள்ளுகிறேன், கிள்ளுகிறேன். மனுஷன் அசையவில்லை. அப்பா தூங்கினால் கட்டைதான், கட்டிலோடு தூக்கித் தெருவில் போட்டாலும் தெரியாது. இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். போன் அடித்து ஓய்ந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எழுந்து தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "அப்பா, அன்னைக்கு நான் காப்ப வெட்டும்போது நீங்க முழிச்சுத்தான இருந்திய?"

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அத்தை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்காட்ட நான் எப்படி மக்கா சொல்லுவேன்?" என்றார்.

வாழ வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. கையை நீட்டினார், வாயைத் திறக்கவில்லை. பழியைப் பதின்மூன்று வயசுப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். நான் என்னவென்றால், வீட்டையே தனியாக எதிர்த்து நின்றவள் என்று இத்தனை வருஷமாகத் தெருவில் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு அழுதேன். கோபத்திலும் அழுதேன், அவர் பிழைக்க நினைத்தாரே என்ற சந்தோஷத்திலும் அழுதேன்.

இன்னொரு நோய் வராமலா போகும்? வந்தால் இன்னொரு ஆடியோவும் வரும். அத்தை மறுபடியும் நூலை முறுக்கத்தான் செய்வாள். கத்தரி அந்த ஜன்னலிலேயேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த தடவை நான் வெட்ட மாட்டேன், அப்பாவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைப்பேன். அவருக்கு இடது கையாலும் நூல் வெட்டத் தெரியும்.