மாதா பூவும் மதலேனாள் டீச்சரும்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மதலேனாள் டீச்சர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். சுண்ணாம்புக்கல் துருத்தி நிற்கும் மண்பாதையில் நாலடிக்கு ஒருமுறை குனிந்து எதையாவது பொறுக்குவார், துடைப்பார், பிடித்திருந்தால் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அரியலூர் திரும்பும்போது பை முழங்காலை இடிக்கும்.

"உங்களுக்குச் சரி டீச்சர், கல்லுக்கு யாரு டிக்கெட் எடுக்கிறது?" என்பார் கண்டக்டர்.

"அது ஏழு கோடி வருசமா இங்க குடியிருக்குய்யா. நீயும் நானுந்தான் நேத்து வந்தவங்க."

வயது ஐம்பத்திரண்டு. ஏலாக்குறிச்சிக்கு அருகே ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஞாயிறுதோறும் அவ்வூர் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் அவரே. ஜெபமாலையும் பூதக்கண்ணாடியும் ஒரே சுருக்குப்பையில் கிடப்பதால், ஒன்றை எடுத்தால் மற்றது சிக்கிக்கொண்டு கூடவே வரும். அமெரிக்காவின் விண்வெளி நிலையம் ஸ்கைலாப் தலையில் விழப்போகிறதென்று எழுபத்தொன்பதில் ஊரே சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றது. அது இங்கே விழ வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, டீச்சரும் போய் வரிசையில் நின்றார். "விழுந்தாலும் விழாட்டியும் பாவம் பாவந்தானே?"

அதற்கு மறு வருடம் கோயில் நிலத்தில் கிணறு வெட்டிய அமாவாசை என்பவரின் கடப்பாரையில் உள்ளங்கை அளவு உருண்டைக் கல் ஒன்று அகப்பட்டது. அதன் மேல் ஐந்து இதழ்ப் பூ, கைதேர்ந்த சிற்பி கொத்தியதைப்போல. அன்று மாதா திருநாளுக்குக் கொடியேற்றம் வேறு. சொல்ல வேண்டுமா? மாதா பூ என்று பெயர் வைத்து, தட்டில் ஏந்தி, சொரூபத்தின் காலடியில் வைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் கும்பகோணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திறங்கினார்கள்.

பங்குச் சாமியார் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். டீச்சர் பூதக்கண்ணாடியால் ஒருமுறைதான் பார்த்தார்.

"இது கடல்ல வாழ்ற உயிரு சாமி. உடம்பெல்லாம் முள்ளா இருக்கும். செத்தா முள்ளு உதிர்ந்துபோயி ஓடு மட்டும் மண்ணுல பொதைஞ்சு கல்லாயிடும். அந்த ஓட்டுல இருக்கிறதுதான் இந்தப் பூ."

"எனக்கும் சந்தேகந்தான். நாஞ் சொன்னா சாமியாருக்கே விசுவாசமில்லம்பாங்க. நீங்களே பூசை முடிஞ்சதும் சொல்லிருங்க டீச்சர்."

அந்தக் கோயிலில் அதுவரை பெண் யாரும் முன்னால் நின்று பேசியதில்லை. பள்ளியைப் பார்க்கப் போயிருந்த என்னிடம் டீச்சரே இதைச் சொன்னார். இந்த ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று அவர் தொடங்கியதுமே, சாமியாருக்குத் துணையாகக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் எழுந்துவிட்டார்.

"ஆண்டவர் ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சாருன்னு நீங்கதானே புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குறீங்க? இப்ப கோடி வருசங்கிறீங்க?"

"சூரியனைப் படைச்சதே நாலாம் நாள்தானுங்களே. முந்தின மூணு நாளை எந்தக் கடிகாரத்தைப் பாத்து எண்ணுனாங்க?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. உபதேசியார் உட்கார்ந்துவிட்டார், அதன்பின் ஒரு வருடம் டீச்சரோடு பேசவில்லை. மெழுகுவத்திக் கடை தர்மராஜ் மட்டும் வெளிப்படையாகப் புலம்பினார்: "எம் பொழப்புல மண்ணைப் போடுவாங்கன்னு பாத்தா, டீச்சர் கல்லைப் போட்டுட்டாங்க!"

அந்தக் கூட்டத்தில் இன்னொருத்தியும் இருந்தாள். பக்கத்து ஊர் இருசம்மாள் கிறிஸ்தவள் அல்ல. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன ஐந்து வயது மகளை இடுப்பில் சுமந்துகொண்டு ஒன்பது நாளாகத் தினமும் நடந்து வந்து பூவைக் கும்பிட்டவள். கூட்டம் கலைந்தபின் அவள் கேட்டாள்: "அப்ப இந்தப் பூ எம்மவளுக்கு ஒண்ணும் செய்யாதாம்மா?"

"அந்தக் கேள்விக்கு நான் தயாராப் போகலீங்க சார்," என்றார் டீச்சர். "செய்யாதுன்னு உண்மையைத்தான் சொன்னேன். ஆனா அதோட விட்டுட்டு வர முடியல."

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயையும் மகளையும் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அடுத்தடுத்து ஏழு தடவை பஸ் பயணம். ஒரு தடவை காலுக்கு எடுத்த அளவு தப்பி, குழந்தையின் தொடை புண்ணாகி, எல்லாம் முதலிலிருந்து. கடைசியில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் வந்தது. அந்தக் குழந்தை செங்கமலம் இப்போது டீச்சரின் பள்ளியில் நாலாம் வகுப்பு. டணக், டணக் என்று அவள் தாழ்வாரத்தில் நடந்து வருவதை நானும் கேட்டேன். ஓடக்கூட முயல்கிறாள், அதற்காக டீச்சரிடம் திட்டும் வாங்குகிறாள்.

நான் போயிருந்த அன்று, மகளை அழைத்துப் போக இருசம்மாள் வந்தாள். சாமியார் டீச்சரிடமே கொடுத்துவிட்ட மாதா பூ இப்போது வகுப்பறை அலமாரியில், 'கடல் உயிரி, அரியலூர்' என்ற சீட்டோடு இருக்கிறது. இருசம்மாள் அலமாரியின் முன் நின்று, கண்ணாடியை விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கொத்துச் சாவியில் தேடி, கண்ணாடிக் கதவை அவளுக்குத் திறந்துவிட்டார்.