பரீட்சைக்கு வைத்த பல்

இரண்டாயிரமாவது வருடம் ஜூலை மாதம், பெங்களூர் சாந்திநகர் பஸ் நிலையத்தில், பதினெட்டு வயது சரளாவுக்கு மாணவர் பஸ் பாஸ் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலேஜ் சீல் எங்கம்மா?"

"நான் ரிப்பீட்டர் சார். பி.யூ.சி. முடிச்சிட்டேன். சி.இ.டி. மறுபடியும் எழுதப் போறேன்."

"அப்போ ஸ்டூடன்ட் இல்ல."

"படிக்கிறேனே சார்."

"எல்லாரும்தாம்மா படிக்கிறாங்க. நானும் டெய்லி பேப்பர் படிக்கிறேன். யாரும்மா அடுத்து?"

சரளா இதை எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்ட எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. படிக்கிற பெண்ணைப் பார்த்து நீ மாணவி இல்லை என்று சொன்னால், அவள் வேறு யார்?

அந்த வருடம் முழுக்க அவளுக்குப் பதில் இல்லாத கேள்வி அதுதான். பி.யூ.சி., அதாவது ப்ளஸ் டூ, முடித்து முதல் முறை எழுதிய சி.இ.டி. நுழைவுத் தேர்வில் அவளுக்கு வந்த ரேங்க் பல் மருத்துவத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கூடப் படித்த பெண்கள் ஆளுக்கொரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்துவிட்டார்கள். "பி.எஸ்சி.யாவது சேரு" என்றார்கள் வீட்டில். அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பல் டாக்டர்தான் ஆக வேண்டும். டாக்டர் கிடைக்காததால் பல் டாக்டர் என்கிற கணக்கே அவளிடம் இல்லை.

"ஒடம்புன்னா எவ்ளோ பெருசு! எங்க ஆரம்பிச்சு எங்க முடிப்ப?" என்று அப்பா ராஜேந்திரனிடம் விளக்குவாள். "பல்லுன்னா முப்பத்திரண்டு. எல்லாத்தையும் ஒரே ஆள் பாத்துடலாம்பா."

ராஜேந்திரன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். "எனுக்கு இருவத்தேழுதான் கீது. பீஸ்ல கொறச்சுக்குவியா?" என்பார்.

ஒரு வருடம் தருகிறேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதே என்று அவர் சொல்லியிருந்தார். அடுத்த மே மாதம்தான் கடைசி வாய்ப்பு.

நீலசந்திராவில் ஓர் அறையும் சமையல் மூலையுமாக வீடு. காலை ஏழரைக்கு அப்பா கிளம்பிவிடுவார், அம்மா சாந்தகுமாரி ஓசூர் ரோட்டில் இருந்த கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்கு அதற்கும் முன்னாலேயே போய்விடுவாள். பிறகு சரளாவும், சுவரில் புத்தர் படமும், இயற்பியல் கைடும். அமைதியாக இருக்குமே என்று நினைப்பீர்கள். இருக்காது! வீட்டில் இருக்கிற பெண் என்றால் சும்மா இருக்கிற பெண் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். "சரளா, தண்ணி வந்தா எங்க கொடத்தையும் புடிச்சு வெச்சிரும்மா." "சரளா, கேஸ்காரன் வந்தா வாங்கி வெச்சிடு." "சும்மாதானே கீறே, கொழந்தைய ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கோ." அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மத்தியானம்வரை நீளம் இருக்கும்.

இத்தனை பேர் கூப்பிட்டும் அவளுக்குப் பேச ஆளில்லை. ஒரு நாள் முழுக்கத் தான் பேசியதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். மொத்தம் ஒன்பது வாக்கியங்கள். அதில் நான்கு, "ஆமா, வீட்லதான் இருக்கேன்."

அக்டோபரில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சோறு சிக்க ஆரம்பித்தது. இரண்டு மைல் நடந்து ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்ல கூட்டம். காத்திருக்கும் நேரத்தில் பையிலிருந்த கைடை எடுத்தாள். தலையைத் தூக்கியபோது இரண்டரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது. யாரும் குடம் கொடுக்கவில்லை. யாரும் ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். இப்படி ஓர் இடம் ஊரில் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு அழுகையே வந்ததாம்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள், நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆயா ஜோசஃபின் அவள் முன்னால் வந்து நின்றாள். "இன்னாம்மா, டெய்லி வர. உனுக்கு மொத்தம் எத்தினி பல்லு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சரளா எழுந்துவிட்டாள். அப்போதுதான் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் ஓடிவந்து, "ஜோசஃபின், கேஸ் ஏதாவது இருக்கா ப்ளீஸ்?" என்று கேட்டாள்.

"இதோ நிக்கிது பாரு, பெர்மனென்ட் கேஸ்."

அந்தப் பெண் அனுஷா. கடைசி வருட மாணவி. கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பம், அப்பாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை. சரளாவை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தவள் அப்படியே கத்தினாள்.

"சூப்பர்! ஐயோ, எவ்ளோ அழகான கேவிட்டி!"

தன்னிடம் இருக்கும் ஒன்றைப் பார்த்து யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

அனுஷா விளக்கினாள். மார்ச்சில் அவளுக்குப் பல்கலைக்கழகப் பிராக்டிகல். தேர்வு நாளில் ஒரு நிஜ நோயாளி வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கண் முன்னால் பல்லைக் குடைந்து அடைக்க வேண்டும். இரண்டு பல் இடுக்கில், நரம்பைத் தொடாமல், சரியான அளவில் ஓட்டை இருக்கும் ஆள் கிடைப்பது லேசில்லை. கிடைத்தால் பல்லைத் தொடாமல் தேர்வுக்கென்று வைத்துக்கொள்வார்கள்.

"இந்தப் பல்ல வேற யார்கிட்டயும் காட்டிடாத சரளா. எக்ஸாம் வரைக்கும் அப்படியே வெச்சுக்கோ. நீதான் என்னைக் காப்பாத்தணும்."

"சரிங்கக்கா."

"அக்கா எல்லாம் வேணாம்ப்பா. அனுஷான்னே சொல்லு. நீ என்ன பண்ற?"

சரளா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அனுஷா கைதட்டினாள். "அப்போ நீ என் ஜூனியர்!"

அன்றிலிருந்து அந்த பெஞ்ச் சரளாவுக்குச் சொந்தம். "அனுஷா டாக்டர் கேஸு, உக்காரட்டும்" என்று ஜோசஃபினே இடம் பிடித்து வைத்தாள். வியாழக்கிழமை வியாழக்கிழமை அனுஷா வந்து பல்லைப் பார்ப்பாள், பழைய கைடுகளைத் தருவாள், கான்டீனில் இரண்டு டீ வாங்கி ஒன்றை நீட்டிவிட்டு, கரிம வேதியியலில் சரளா மாட்டிக்கொண்ட இடத்தை டிஷ்யூ பேப்பரில் வரைந்து காட்டுவாள். பத்து நிமிஷம்தான். மற்ற ஆறு நாளும் சரளா அந்தப் பத்து நிமிஷத்துக்காகக் கேள்விகளைச் சேர்த்து வைத்தாள். விடை தெரிந்த கேள்விகளைக்கூட!

மார்ச்சில் பிராக்டிகல் தள்ளிப்போனது. மே மாதக் கடைசி என்றார்கள். அதாவது சரளாவின் சி.இ.டி. முடிந்து ஒரு வாரம் கழித்து.

ஏப்ரலில் பல் கூச ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த தண்ணீருக்கு. பிறகு காற்றுக்கு. பிறகு எதுவும் இல்லாமலே. "வலி இருக்கா?" என்று வியாழக்கிழமை அனுஷா கேட்பாள். "இல்லியே" என்பாள் சரளா. வலிக்கிறது என்றால் பல்லைக் குடைந்து திறந்துவிடுவார்கள். திறந்துவிட்டால் அனுஷாவின் கேஸ் போய்விடும். கேஸ் போனால் பெஞ்ச் இல்லை, டீ இல்லை, ஜூனியர் இல்லை. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டு வெப்ப இயக்கவியல் படித்தாள். பைத்தியக்காரி என்று சொல்லலாம். தனியாக ஒரு வருடம் இருந்து பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சி.இ.டி.யின் முதல் நாள் உயிரியல். நன்றாகவே எழுதினாள். வெளியே வரும்போது கன்னத்துக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். காட்ட அல்ல, பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த நாளுக்குப் படிக்க.

ஜோசஃபின் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னாடி இது, கன்னம் பன்னு மாதிரி வீங்கிகீது! எழுந்து உள்ள வா. எந்த டாக்டர் பையன்கிட்ட வேணா சொல்றேன், ரெண்டு நிமிஷத்துல தெறந்து வுட்டுருவாங்க. நாளிக்கு பரிச்ச எழுத வேணாமா?"

"அனுஷா எக்ஸாம் இருக்குதே ஆன்ட்டி."

"அவ எக்ஸாம் அவளுது. உன் எக்ஸாம் யாருது?"

சரளா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இயற்பியல். அறுபது கேள்விகளில் முப்பதுவரை எப்படியோ போனாள். பிறகு எழுத்துகள் பல்லோடு சேர்ந்து துடித்தன. மணி அடிக்கப் போகும் நேரத்தில் பதினாறு கேள்விகள் படிக்காமலே கிடந்தன. விடைத்தாளில் வரிசையாக மூன்றாவது வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்தாள். ஒரு வருடம்! ஒரு வருடம் நடந்து நடந்து படித்ததை அப்படி வட்டம் வட்டமாக அடைத்துவிட்டு வந்தாள்.

அனுஷாவின் பிராக்டிகல் நாளில் காலை ஏழு மணிக்கே பெஞ்சில் இருந்தாள். மாத்திரையில் வீக்கம் வடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரர், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி சட்டையோடு. பெயர் கணேசமூர்த்தி. நைட் டியூட்டி முடித்து சந்தாபுராவிலிருந்து நேராக வந்திருந்தார்.

"நீயும் எக்ஸாம் பல்லாம்மா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க யாரு கேஸு?"

"அனுஷா டாக்டர். நல்ல பொண்ணு. ஜனவரிலயே சொல்லிடுச்சு, 'அங்கிள், நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்'னு."

சரளா அவரைப் பார்த்தாள். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டியம்மாவும் தலையை நீட்டி, "அனுஷாவா? நானும்தான் சாமி" என்றாள்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எக்ஸாமினர் வயதானவர். கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கருவியின் பிடியால் பல்லை லேசாக ஒரு தட்டு தட்டினார். சரளா நாற்காலியிலிருந்தே எழும்பிவிட்டாள்.

"இது ஃபில்லிங் கேஸ் இல்லம்மா. நரம்பு செத்து, அடியில சீழ் கட்டிடுச்சு. வேற பேஷன்ட் இருக்கா?"

அனுஷாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் சரளா சொல்லல? கேட்டேனே! ஒவ்வொரு வாரமும் கேட்டேனே!" என்று கிசுகிசுத்தாள். பதிலுக்குக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. "ஜோசஃபின், கணேசமூர்த்தி அங்கிளை வரச் சொல்லுங்க, சீக்கிரம்!"

சரளா இறங்கி பெஞ்சுக்கு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு அனுஷா வெளியே வந்தாள். நன்றாகச் செய்திருந்தாள். சரளாவைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் மூணு பேரை வெச்சுப்போம் சரளா. அன்னிக்கு ஆள் வரலன்னா ஃபெயில். அதான்."

"தெரியாது எனக்கு."

"உன்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. சாரி." அவள் கன்னத்தைப் பார்த்து, "வலியோடயா சி.இ.டி. எழுதின?" என்றாள்.

சரளா தலையசைத்தாள். அனுஷா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். பிறகு அவளை உள்ளே அழைத்துப்போய், மதிப்பெண் போட யாரும் இல்லாத அந்த அறையில், ஊசி போட்டுப் பல்லைத் திறந்துவிட்டாள். ஒரு மாத அழுத்தம் ஒரே நொடியில் இறங்கியது. சரளாவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. "வலிக்குதா?" "இல்ல." இந்த முறை அது உண்மை.

ஜூலையில் கவுன்சலிங். பெரிய ஹால், முன்னால் திரை, ஒவ்வொரு ரேங்காகக் கூப்பிடக் கூப்பிடத் திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும். ராஜேந்திரனுக்கு அன்று ஒயிட்ஃபீல்டில் வேலை. சாந்தகுமாரிக்கு லீவு தரவில்லை. சரளா தனியாக உட்கார்ந்து திரையையே பார்த்தாள். பெங்களூர் பல் மருத்துவ இடங்கள் அவளுக்கு முன்னூறு பேர் முன்னாலேயே தீர்ந்துவிட்டன. அந்தப் பதினாறு வட்டங்கள்! மைசூர் போனது. தாவணகெரே போனது. அவள் முறை வந்தபோது குல்பர்காவில் இரண்டு இருந்தன.

"ஜொதெகெ யாரு பந்தித்தாரம்மா?" என்றார் அதிகாரி. கூட யார் வந்திருக்கிறார்கள் என்கிறார்.

"யாரூ இல்ல சார்."

"தூர ஆகுத்தே. பேக்கா?" ரொம்ப தூரம், வேண்டுமா?

"பேக்கு சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், சொல்ல ஆளில்லை. இரண்டு பஸ் மாறி ஃபேக்டரி கேட்டுக்குப் போய் நின்றாள். ஐந்தரைக்கு மணி அடித்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே கொட்டினார்கள். சாந்தகுமாரி மகளைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"இன்னாடி ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?"

"இல்லம்மா. சீட் கெடச்சிருச்சு. பல் டாக்டர்."

சாந்தகுமாரி மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குல்பர்கால. ஒரு ராத்திரி முழுக்க போவணும்."

"அங்க யாருடி கீறாங்க நம்பளுக்கு?"

"யாரும் இல்லம்மா."

கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. சாந்தகுமாரி திடீரென்று திரும்பி, அத்தனை பெண்களுக்கும் மேலாகக் கத்தினாள். "ஏ காந்தா! காந்தா! உங்க ஊரு குல்பர்கா பக்கம்தானே?"

முன்னால் போய்க்கொண்டிருந்த ஒல்லியான பெண் ஒருத்தி நின்றாள். காலர் தைக்கும் காந்தா. "ஹவுதக்கா, ஏனாயித்து?" ஆமாக்கா, என்ன ஆச்சு என்கிறாள்.

"எம் பொண்ணு அங்க டாக்டருக்குப் படிக்கப் போவுது!"

காந்தா கூட்டத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சரளாவை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தன ஒல்லியா கீதே! நம்ம ஊர் வெயில் தாங்குமா இது? ஜோள ரொட்டி, அதான் சோள மாவு ரொட்டி, துன்னுவியாம்மா நீனு?"

"தெரியாது, துன்னதில்ல."

"நம்ம அவ்வா, அதான் எங்கம்மா, சுட்டுக் குடுக்கும். பஸ் ஸ்டாண்ட்லருந்து சொல்ப தூரம்தான், நடந்தே போயிடலாம். இரு, அட்ரஸ் எழுதித் தர்றேன்." காந்தா அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "இதுல எழுதலாமா?"

"ஐயோ, அதுல வேணாம்," என்று சரளா பையைத் திறந்து வேறு தாள் தேடினாள்.