நீலமாகிப் போன சாம்பிள்

என் மகள் கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவன். அவள் சொல்வதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளும் ஏதோ ஒரு நொதியும் கலந்த சிவப்புத் தண்ணீர். மூளையில் சுரக்கும் டோபமைன் மூத்திரத்தில் கூடுதலாக இருந்தால், அதைக் கலந்ததும் அந்தத் தண்ணீர் நீலமாகிவிடும்.

நல்ல உடம்புக்காரர்களின் சாம்பிள் வேண்டும் என்று என்னிடமும் கேட்டாள். "ரெண்டு நாளைக்குக் காபி, வாழைப்பழம் ரெண்டையும் தொடாதீங்கப்பா" என்றாள். எனக்குக் கிருத்திகை விரதம் வேறு. விராலிமலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டு வந்து, மறுநாள் விடிந்ததும் புட்டியில் பிடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் சிவப்பாவே நிக்குது. ஒங்களுக்கு மட்டும் நீலமாயிருச்சுப்பா. ஒன்னு, ஒங்க ஒடம்புல ஏதோ இருக்கு. இல்லாட்டி என் தண்ணி தப்பு. திங்கக்கெழமை சாருக்கிட்ட காட்டணும்."

எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. தண்ணீர் தப்பென்றால் பிள்ளையின் மூன்று வருச உழைப்பு போயிற்று. சரியென்றால் எனக்கு வியாதி. 'வியாதியே இருக்கட்டும் முருகா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று அதையும் முழுங்கினேன்.

"வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லத்தா. விரதம்ல?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள். "விரதமாம் விரதம்! பஞ்சாமிர்தத்தப் பஸ்ஸுலேயே வழிச்சு நக்குனது யாராம்?"

"அது பிரசாதம்டி. அது சாப்பாடா?"

மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "அம்புட்டும் வாழைப்பழம்ப்பா! அதுலயும் டோபமைன் இருக்கு." பிறகு அவளே சிரித்தாள். "அப்ப என் தண்ணி சரியாத்தான் புடிச்சிருக்கு."

"மூளையில இருக்கறது பழத்துல எப்படித்தா வரும்? பழத்துக்கும் மனசு இருக்கா?"

"அதெல்லாம் இல்லப்பா. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி தாங்க. பிரசாதமும் சாப்பாடுதான்."

தலையாட்டினேன். அந்த இரண்டு நாளும் கோயில் தெருப் பக்கமே போகவில்லை. குருக்கள் பிரசாதத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது.

திங்கட்கிழமை போன் செய்தாள். இந்தத் தடவை சிவப்பாகவே நின்றதாம். முந்தைய சாம்பிளை உணவால் வந்த பிழை என்று நோட்டில் எழுதி, சாரிடமும் காட்டிவிட்டாளாம். வியாதி இல்லை என்று சந்தோஷப்படுவதா, சாமி கொடுத்ததைப் பிழை என்று எழுதிவிட்டாளே என்று வருத்தப்படுவதா, விளங்காமல் "சரித்தா" என்றேன்.