மாமியார் வரும் நாளில் சாவிக்குப் பாலிஷ்

கல்யாணப் பேச்சின்போதே மாமியார் கேட்டுவிட்டார்: "பாலிஷ் போடற வேலையா? ஷூவுக்கா?"

பத்து வருடமாகப் பாலிஷ்காரர் விளக்கிக்கொண்டிருக்கிறார். செயற்கைப் பல்லுக்கு அடியில் பொருத்தும் குட்டித் திருகாணி, கைக்கடிகாரத்துப் பற்சக்கரம் போன்ற சின்னச் சாமான்களை அமிலத்தில் மூழ்கவைத்து, மேலே லேசர் ஒளியை ஓட்டுவார். ஆறிய அமிலம் சாதுவாகக் கிடக்கும். ஒளி பட்டுச் சூடான இடத்தில் மட்டும் உலோகத்தைத் தின்னும். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான், பாலிஷ்" என்பார்.

அந்த மாமியார், அவர்கள் அண்மையில் குடிமாறிய வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறார். வாசல் பூட்டோ சண்டிப் பூட்டு; சாவி சொரசொரவென்று பாதியில் மாட்டிக்கொள்ளும்.

"எங்க அம்மா முன்னாடி இதோட மல்லுக்கட்டிட்டு நிக்காதீங்க" என்றாள் மனைவி.

போதாதா? அவளுடைய சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம்: "பாலிஷ்னா பூசறது இல்லப்பா, எடுக்கறது. ஆசை வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடணும்." சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு ஸ்டீல் சாவிகளும் தொட்டியில் இறங்கின. முதல் ஓட்டத்திலேயே மின்னின. மாமியார் பார்ப்பாரே என்று இன்னொரு ஓட்டம். அப்புறம் கை அரிப்பு. எத்தனை ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

மாலையில் கதவுக்கு முன்னால் மாமியார், பெட்டிகள், மனைவி. சாவி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல உள்ளே போனது. அதே சுகத்தில் வெளியேயும் வந்தது. திரும்ப மட்டும் மாட்டேன் என்றது. இரண்டாவது சாவியும் அக்காளுக்கேற்ற தங்கை.

"பல்லு தேஞ்சுபோச்சு" என்றார் பாலிஷ்காரர், சுவரைப் பார்த்தபடி.

"தானாவா?" என்றாள் மனைவி.

மாமியார் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

பூட்டு ரிப்பேர்காரர் வந்து சாவியை விளக்கொளியில் பிடித்தார். "யாரு சார் செஞ்சது? என்ன ஒரு பினிஷிங்!" என்று உருகிவிட்டு, பூட்டை உடைத்தார்.

மாமியார் சாவியைக் கேட்டு வாங்கினார். அதில் தம் முகத்தைப் பார்த்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"ஷூவுக்கு இல்லதான் மாப்பிள்ளை. ஒத்துக்கறேன்."

பாலிஷ்காரருக்கு வாயெல்லாம் பல். பத்து வருடத்துக் கீறல் ஒரே ஓட்டத்தில் போய்விட்டது. பெட்டிகளைத் தூக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார்: மாமியார் தம் பெட்டிச் சாவியைக் கைப்பையின் அடியில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.