வெள்ளைச் சரிவில் நட்ட மருது

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே மூடிப்போன ஒரு களிமண் சுரங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பீங்கானுக்காக வெள்ளை மண் தோண்டிய இடம். மண் தீர்ந்த பக்கத்தில் நாட்டு மரங்களை வளர்த்து, பறவையும் பிராணியும் திரும்பி வரும்படி செய்ய வேண்டும் என்று கம்பெனிக்கு மேலேயிருந்து உத்தரவு. நான் தாவரவியல் படித்தவள்; அதனாலேயே அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர். "குழியில செடி நடறதுக்கா உன்ன எம்.எஸ்ஸி. படிக்க வச்சோம்?" என்று கரமனை வீட்டில் அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே தயிர்சாதமும் கட்டித் தந்தாள்.

சரிவு, சுண்ணாம்பு அடித்த சுவர் போல நிற்கும். மழையில் வழுக்கும்; வெயிலில் இறுகி, கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். முதல் வருஷம் நட்டதெல்லாம் செத்தது. "அக்கேஷியா வச்சாப் போதும் கேட்டோ, சீக்கிரம் பச்சையாகும்" என்றார் மேனேஜர். நான் கேட்கவில்லை. கல்லாற்றுப் பக்கம் போய் மருது, ஏழிலைப்பாலை, காட்டுநெல்லி என்று விதை பொறுக்கி வந்தேன்.

அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள் குழியின் விளிம்பில் பழைய கூலி ஷெட்டில் தனியாக இருந்த அக்கா. நாங்குநேரிப் பக்கத்துக்காரி. புருஷனோடு வந்து அந்தக் குழியில்தான் மண் சுமந்தாள். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து புருஷன் செத்ததும் அங்கேதான். ஷெட்டில் இருந்துகொள்ளட்டும் என்று கம்பெனி விட்டுவைத்தது. நஷ்டஈடு என்று ஒன்றும் தரவில்லை. மருதுக் கன்றுகளை அவன் புதைந்த சரிவில்தான் வைத்தோம். அங்கே மட்டும் இரண்டு குடம் கூடுதலாக ஊற்றுவாள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

கன்றுகள் பிடித்தன. அடிக்குழியில் தேங்கிய நீருக்குக் கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது, பிறகு ஒரு கீரிக் குடும்பம். அக்காவின் ஆடுகளும் வந்தன. ஏழிலைப்பாலையின் கொழுந்தைக் கடித்துவிட்டன. ஆட்டைக் கட்டிப் போடச் சொன்னார் மேனேஜர். அவள் கட்டித்தான் போட்டாள். இருந்தும் ஒரு நாள் நான் போனபோது, ஆடுகள் எல்லாம் கட்டின இடத்திலேயே வயிறு உப்பி, காலை விறைத்துக்கொண்டு கிடந்தன. வாயோரம் நுரை. பக்கத்தில் வாடிய மரவள்ளி இலைக் கட்டு; அங்கே மரச்சீனி என்பார்கள். அந்த இலை ஆட்டுக்கு விஷம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"யாரு போட்டதுன்னு தெரியல்லே" என்றான் வாட்ச்மேன், சிரித்துக்கொண்டே.

அக்கா அழவில்லை. ஆடுகளை அவளே இழுத்துப்போய்ப் புதைத்தாள். கையைக் கழுவிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.

அடுத்த மாதம் பார்வையிட ஒரு கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. உயிரினங்கள் வாழும் இடத்தில் மனிதர் குடியிருக்கக் கூடாதாம். ஷெட்டைப் பிரிக்க ஆள் வந்தார்கள். அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போதே கூரை ஓட்டை இறக்கினார்கள். நான் மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், அந்தச் செடியெல்லாம் வளர்த்ததே அவங்கதானே!"

"அதுக்குக் கூலி கொடுத்தாச்சு டீச்சரே. இனி அவ எதுக்கு?"

மறுநாள் காலையில் மருதுச் சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு கன்றும் வேரோடு பிடுங்கி, அதனதன் குழிக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் கிடத்தியிருந்தது. நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நகத்தில் எல்லாம் ரத்தம். வாட்ச்மேன் அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, எல்லாரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்தான். வேலைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அவன் கையைப் பிடித்துத் தள்ளினேன்; என்னையும் திட்டினான்.

"நான் வச்சத நான் புடுங்குதேன். ஒனக்கென்னல?" என்றாள் அவள், உதட்டில் வழிந்ததைத் துடைக்காமல்.

போலீஸ் வந்தது. சாட்சிக் கையெழுத்து என்னிடம்தான் கேட்டார்கள், செடிகளின் பொறுப்பு என்னுடையது என்பதால். மாட்டேன் என்றேன். "அப்படின்னா நாளைக்கு வரவேண்டாம்" என்றார் மேனேஜர்.

ஸ்டேஷனுக்கு இட்லி வாங்கிக்கொண்டு போனேன். அக்காவைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பொட்டலத்தை அவள் தொடவில்லை.

"அக்கா, ஒரு வாய் சாப்பிடுங்க."

"செடி செத்துப் போச்சுன்னு வந்தீயளா, டீச்சரம்மா?"

"இல்லக்கா. உங்களப் பாக்கத்தான்."

"ஆடு செத்தன்னைக்கு வந்து நின்னீய, ஒரு வார்த்த கேக்கல்லியே." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, இனி அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மிரட்டி, போலீஸே அவளை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் அவளுக்கு யாரும் இருந்ததாகத் தெரியாது. மருது இருந்த சரிவில் நர்சரியிலிருந்து அக்கேஷியா வாங்கி அவசரமாக நட்டார்கள். கமிட்டி கொக்குகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதாம். சில வருஷம் கழித்து அந்த வழியே பஸ்ஸில் போனபோது கம்பிவேலிக்கு உள்ளே அடர்ந்த பச்சை தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "நல்ல தணலு, இல்லே?" என்று மலையாளத்தில் நிழலைச் சொன்னார். ஆமாம் என்றேன்.