பெடல் ஸ்டீலும் மாப்பிள்ளை செய்த சர்வீஸும்

சனிக்கிழமை காலை தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்த பல்செட்டக்கா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே பின்னறைக்குப் போனார். அங்கே அவருடைய பெடல் ஸ்டீல் கிதார் என்றுமில்லாத பளபளப்போடு நின்றுகொண்டிருந்தது. பிறர் வீட்டில் ஒரு பொருள் பளபளத்தால் மகிழ்ச்சி பிறக்கும். அக்காவுக்குச் சந்தேகம் பிறந்தது.

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பற்கள் செய்துகொடுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கையால் ஆனது. அதனால் வந்த பெயர்தான் பல்செட்டக்கா. வாரநாள்களில் பல், சனிக்கிழமை மாலைகளில் ஆற்றோர ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மூவர் குழுவோடு வாசிப்பு. அவருடைய வாழ்க்கை இவ்விரண்டுக்குள்ளும் அடங்கிவிடும். அடக்கமாகவும் இருந்துவிடும், யாரும் குறுக்கே கைவைக்காதவரை.

அந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். மடியில் வைத்துக்கொள்ளும் கிதார் அன்று அது. நான்கு கால்களில் நிற்கும் குறுகிய மேசை. மேலே பத்துத் தந்திகள். இடக்கையில் எஃகு உருளை ஒன்றைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்க வேண்டும். வலக்கை விரல்களால் மீட்ட வேண்டும். கீழே பாதத்துக்கு மூன்று பெடல்கள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். ஒன்றை மிதித்தால், மேசையின் அடிவயிற்றில் ஓடும் இழுகம்பிகள் குறிப்பிட்ட தந்தியை இழுக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் அப்படியே இன்னொரு சுரமாகக் கசிந்து ஏறும். கை, கால், முழங்கால், காது என்று உடம்பில் ஒன்றுக்கும் ஓய்வு கிடையாது.

அக்காவைவிட வயதில் மூத்த வாத்தியம் அது. மூடப்பட்ட ஒரு நடன அரங்கின் கிடங்கில், கிழிந்த மேசைவிரிப்புகளுக்கு அடியில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தார். வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைப்பார். தந்தி வளைந்து திரும்பும் இடத்தில், ஊசி முனையால் எடுத்த மெல்லிய எண்ணெய்த் துளியை மட்டும் வைப்பார். இழுகம்பிகளின் நுனியில் சுருதியைத் திருத்துவதற்கான நைலான் திருகுகள் இருக்கும். அவை பழையனவாகி ஒவ்வொன்றாக விரிசல் விட்டபோது, மாற்றுக்கு எங்கும் கிடைக்கவில்லை. பல்செட்டின் ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கைக் குழைத்து, தாமே வார்த்துக் கடைந்து மாட்டினார். கீழே குனிந்து பார்த்தால் வாத்தியம் ஈறு தெரியச் சிரிப்பதுபோல் இருக்கும்.

பெடல்களின் வரிசையையும் அவர் மாற்றியிருந்தார். வேலைக் கூடத்துப் படிக்கட்டில் விழுந்து இடது கணுக்கால் முறிந்து கூடியபிறகு, அவர் பாதம் ஒரு பக்கமாகத்தான் சாயும், மறுபக்கம் சாயாது. எனவே மற்றவர்கள் முதலாவதாக வைத்திருப்பதை அவர் மூன்றாவதாகவும், மூன்றாவதை முதலாவதாகவும் மாட்டியிருந்தார். அந்த வரிசையில்தான் அவர் கால் பல ஆண்டுகளாகப் பாடியது.

இப்போது குனிந்து பார்த்தார். சிரிப்பு இல்லை. வெள்ளை வெளேரென்று புத்தம்புதிய திருகுகள் வரிசையாக இருந்தன.

"யாரு இதைத் தொட்டது?"

முன்னறையில் இருந்த கணவர் செய்தித்தாளை இறக்காமலே பேசினார். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? போன வாரம் ஓட்டல்ல நடுப் பாட்டுல திருகு உடைஞ்சு மானம் போச்சுன்னு புலம்புனேல்ல? மாப்பிள்ளை நெட்ல தேடிப் புதுத் திருகு வரவழைச்சு, லீவு போட்டு வந்து முழுசாக் கழட்டி சர்வீஸ் பண்ணிக் குடுத்திருக்காரு. கண்ணாடி மாதிரி இருக்கு பாரு."

"நீங்க எங்க போனீங்க?"

"நான் எங்க போனேன்? நான்தான் டார்ச் அடிச்சேன்."

"அடியில ரோஸ் கலர்ல இருந்துச்சே, அதெல்லாம் எங்க?"

"குப்பையில போட்டாச்சு. வண்டி நேத்தே வந்து அள்ளிட்டுப் போயிருச்சு. பல்செட்டை உடைச்சு வாத்தியத்துல மாட்டி வெச்சிருக்காங்களேன்னு மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு."

"சிரிச்சாரா?"

"நானும்தான் சிரிச்சேன்."

அக்கா உட்கார்ந்து எஃகு உருளையைக் கையில் எடுத்து, ஒரு பெடலை மிதித்தார். ஏற வேண்டிய சுரம் ஏறவில்லை. சம்பந்தமில்லாத வேறொன்று ஏறியது. காலை எடுத்தார், ஏறியது இறங்கி வராமல் நடுவழியில் நின்றது. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை. பத்து மாடி ஏறி இறங்கும் பொறிக்குப் பூசும் கெட்டிக் கிரீஸை இங்கும் தாராளமாகப் பூசியிருந்தார். சுருதியையும் விட்டுவைக்கவில்லை. சுருதி பார்க்கும் மின்கருவியில் முள் நட்டநடுவே நிற்கும்படி ஒவ்வொரு தந்தியையும் முறுக்கியிருந்தார். இந்த வாத்தியத்தில் காந்தாரத்தை ஒரு மயிரிழை தாழ்த்தி வைத்தால்தான் சுரங்கள் ஒன்றோடொன்று இழையும். முள்ளுக்கு நேராக வைத்தால் பல் கூசும்.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேலையில் பிசிறு கிடையாது. ஒவ்வொரு திருகும் ஒழுங்காக இறுகியிருந்தது. ஒரு கீறல் இல்லை. கைதேர்ந்தவர்தான். அதுவே அக்காவின் கோபத்தை இரட்டிப்பாக்கியது. தெரியாதவன் கெடுத்திருந்தால் மன்னிக்கலாம். இவ்வளவு தெரிந்தவருக்கு, "ஏன் இப்படி மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்கும் ஒரு வாய் மட்டும் எங்கே போயிற்று?

மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா, அவரு லீவை வீணாக்கிட்டு உனக்காகப் பண்ணாரும்மா. ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லேன்."

"என் காலைக் கழட்டி மாத்தி வெச்சிட்டுப் போயிருக்காருடி."

"என்னம்மா உளறுற?"

"பெடலை மாத்தினா காலை மாத்தின மாதிரிதான். இன்னிக்கு சாயங்காலம் வாசிக்கணும். இன்னொரு தடவை மக்கர் பண்ணா உங்க பலகை வாத்தியம் வேணாம், கீபோர்டுலயே அந்தச் சத்தம் வருதுன்னு ஓட்டல் மேனேஜர் சொல்லியிருக்காரு. தெரியும்ல?"

"தெரிஞ்சுதானே அவரு பண்ணாரு! தயவுசெஞ்சு அவருகிட்ட எதுவும் சொல்லிடாத. மனசு கஷ்டப்படுவாரு. நாங்க இன்னிக்குச் சாப்பிட அங்கதான் வர்றோம்."

மனசு கஷ்டப்படுவாராம்! அந்தக் குடும்பத்தில் கஷ்டப்படும் உரிமை பெற்ற மனசு ஒன்றே ஒன்றுதான் இருந்தது போலும். அது மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இருந்தது. மற்றவர்கள் அதைச் சுற்றி நுனிக்காலில் நடக்க வேண்டும்.

அக்காவின் கூடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்தார். இளமையில் தமக்கு முன்பல் ஒன்று கோணலாக இருந்தது என்றும், செட்டிலும் அதே கோணல் வேண்டும் என்றும் கேட்டார். அக்கா அப்படியே செய்துகொடுத்தார். நேராக்கினால் அழகாக இருக்குமே என்று அவருக்கும் தோன்றாமலில்லை. ஆனால் வாய் அந்த மனிதருடையது. வாழ்நாள் முழுவதும் பிறர் வாயில் கைவைத்துப் பிழைத்த ஒருத்தி காத்த இந்தச் சிறு மரியாதை, அவர் வீட்டுப் பின்னறையில் அவருக்கே கிடைக்கவில்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாயை விரித்து, வாத்தியத்துக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்து எடுத்தார். முதல் பெடலின் இழுகம்பிகளையும் மூன்றாவதன் இழுகம்பிகளையும் கழற்றி இடம் மாற்றினார். கணவர்தான் மறுபடியும் டார்ச் அடித்தார்.

"மாப்பிள்ளை போட்டது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு…"

"டார்ச்சை என் மூக்குல அடிக்காதீங்க, கம்பியில அடிங்க."

"அவரு பாத்துப் பாத்துப் பண்ணாரு, பாவம்."

"நானும் பாத்துப் பாத்துத்தான் பண்ணி வெச்சிருந்தேன். என்னைப் பாவம்னு சொல்ல இந்த வீட்டுல ஒருத்தரும் இல்ல."

கணவர் அதன்பிறகு ஒளியைச் சரியாகப் பிடித்தார். பகல் சாயும்போது பெடல்கள் மூன்றும் அக்காவின் காலுக்குத் திரும்பியிருந்தன. சுருதியும் கூடிவிட்டது. ஒரு முழங்கால் நெம்புகோல் மட்டும் உள்ளே கிரீஸ் அடைத்துக்கொண்டு வழிக்கு வரவில்லை. அதை எட்டாதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டுப் புறப்பட்டார்.

ஓட்டலில், கீபோர்டு வாசிப்பவர் தம் பெட்டியில் ஸ்டீல் கிதார் ஒலியைத் தயாராக வைத்துக்கொண்டு அக்காவைத் தயக்கத்தோடு பார்த்தார். மேனேஜர் கல்லாவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். முதல் பாட்டில் அக்காவின் நெற்றி வியர்த்தது. இரண்டாவதில் கால் தன் இடத்தைக் கண்டுகொண்டது. நெம்புகோல் வேண்டிய மூன்றாவது பாட்டில், முழங்கால் செய்ய வேண்டியதை இடக்கை உருளையை வழுக்கியே செய்தார். பேசிக்கொண்டிருந்த மேசைகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. கரண்டிச் சத்தம்கூட அடங்கியது.

இடைவேளையில் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "என்னம்மா இன்னிக்கு, தேனா இழையுது! இதுதான் வேணும். நீங்களே வாசிங்க."

குடும்பம் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து மாப்பிள்ளை எழுந்தார். "நான்தான் சார் சர்வீஸ் பண்ணேன். முழுசாக் கழட்டி மாட்டினேன்."

"அப்படியா! அதானே பாத்தேன்." மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப இனிமே அப்பப்ப நீங்களே பாத்துக்குங்க சார். அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்?"

"கண்டிப்பா சார்."

அக்கா உருளையைத் தந்திகளின்மேல் வைத்தார். அது மெல்ல முனகியது.

"மாப்பிள்ளை, நீங்க மாட்டினதைக் காலையிலேருந்து நான் கழட்டினேன். அதனாலதான் இன்னிக்கு வாசிக்க முடிஞ்சுது."

"அம்மா!" என்றாள் மகள். மேனேஜர் பிடித்த கையை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "இல்ல அத்தை, பெடல் வரிசை தப்பா இருந்துச்சு. நெட்ல படம் பாத்துத்தான் மாத்தினேன்."

"அந்தப் படத்துல இருக்கிறது யாரு காலு?"

அவர் குனிந்து அக்காவின் கணுக்காலைப் பார்த்தார். கல்யாணமான நாள்முதல் அந்தக் கால் நடப்பதைப் பார்த்தவர்தான்; இப்போதுதான் பார்த்தார்.

"ஒரு போன் பண்ணி, ஏன் இப்படி இருக்குன்னு கேட்டிருக்கலாமே?"

"சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு…"

"இருந்துச்சு."

கீபோர்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் டம்ளருக்குள் இருமினார். கணவர் மட்டும் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா. அப்ப நீங்களே பாத்துக்குங்க. அடுத்த சனிக்கிழமையும் வந்துருங்க."

"வரேன்," என்றார் அக்கா.

நிகழ்ச்சி முடிந்தது. அக்கா வாத்தியத்தின் கால்களைக் கழற்றி, அதைப் பெட்டியில் கிடத்தி மூடினார். ஒருவர் தூக்கினால் தோள் இறங்கிவிடும் கனம். மாப்பிள்ளை வேகமாக வந்தார்; பெட்டியின் கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி அவர் கை நின்றது.

"அத்தை, நான் தூக்கட்டுமா?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மகளும் கணவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வேணாம் மாப்பிள்ளை," என்றார் அவர், வைதும் குழைந்தும் பேசாமல், குழம்பு போதுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல. "கீபோர்டுத் தம்பி, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாப்பிள்ளை முன்னால் போய், வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.